ஹாலபெக் சண்டையும் ஒரு சிப்பாயும்

1914-ம் வருஷம் டிசம்பர் மாதம் 7-ந் தேதி லண்டன் கெஜட்டில் ஒரு சிறு அறிவிப்பு வெளியாயிற்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹாலபெக் என்னும் ஊரில் அக்டோபர் 31-ந் தேதி நடந்த சண்டையில், யந்திரத் துப்பாக்கிப் பிரிவை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி காயமுற்றார். இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று பீரங்கிக் குண்டு விழுந்து பயனற்றுப் போயிற்று. தாமும் காயம் பட்டிருந்தும், உடனிருந்த ஐவரும் மாண்டு வீழும் வரையில் சிப்பாய் குதாதாத் கான் தமது துப்பாக்கியை இயக்கிக்கொண்டே இருந்தார். ஆகவே அவருக்கு விக்டோரியா கிராஸ் அளிக்கப்பெறுகிறது. அறிவிப்பில் உள்ள விஷயம் இவ்வளவுதான். அலங்காரமோ அடைமொழியோ இல்லை.

சர்க்கார் கெஜட்டைப் படிப்பதில் இன்பம் காண்பவர் சிலரே. ஆயினும் தஸ்தாவேஜுகளோடு பழகிய வக்கீல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தஸ்தாவேஜு எதைச் சொல்லுகிறது என்பதோடு அவர்கள் நிற்பதில்லை. எதைத் தன்னையறியாமல் ஒப்புக்கொள்ளுகிறது என்பதையும் பார்ப்பார்கள். எதிர்க்கட்சியின் கையெழுத்திட்ட காகிதமே நமக்குச் சாட்சியாக வந்து வாய்க்குமானால், வேறு சாட்சிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேற்கண்ட அறிவிப்பு அத்தகைய காகிதம். ஏகாதிபத்தியம் தன் இந்தியச் சிப்பாயைப் பற்றி அதுவரை சொல்லிவந்த பல கொள்கைகளை, ஏகாதிபத்தியத்தின் கெஜட்டே ஒரு வாக்கியத்தில் மறுத்துவிட்டது.

முதலாவது, விருதின் கதையைப் பார்ப்போம். விக்டோரியா கிராஸ் 1856-ல் ஏற்பட்டது. பட்டம், பதவி, குலம் எதையும் பாராமல் வீரம் ஒன்றையே பார்த்து வழங்கப்படும் என்பது அதன் பெருமை. சாதாரணச் சிப்பாயும் பெறலாம், தளபதியும் பெறலாம். ஆனால் இந்தியச் சிப்பாய் மட்டும் பெற முடியாது. அவனுக்கென்று கும்பினியார் 1837-ல் ஏற்படுத்திய 'ஆர்டர் ஆப் மெரிட்' என்னும் வேறொரு விருது இருந்தது. 1897-ல் சாராகடிக் காவல் நிலையில் 36-வது சீக்கியப் பட்டாளத்தார் 21 பேர் ஆயிரக்கணக்கான எதிரிகளை எதிர்த்து நின்று, ஒருவர் மிச்சமின்றி மாண்டனர். அவர்களுக்குக் கிடைத்ததும் அந்த இரண்டாவது பந்தி விருதே. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டில்லி தர்பாருக்கு வந்தபோதுதான், தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்பட்ட அதே சமயத்தில், இந்தியச் சிப்பாய்களும் விக்டோரியா கிராஸ் பெறலாம் என்று உத்தரவாயிற்று. வீரத்துக்கு நிறமில்லை என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு 55 வருஷங்கள் பிடித்தன. கண்டுபிடித்து மூன்று வருஷம் நிறைவதற்குள் யுத்தம் வந்தது.

குதாதாத் கான் 1888-ம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி பஞ்சாபில், அன்று ஜீலம் ஜில்லாவுக்கு உட்பட்டிருந்த சக்வால் பக்கத்தில், டப் என்ற கிராமத்தில் பிறந்தவர். உப்பு மலைத்தொடரைச் சார்ந்த அந்தப் பிரதேசம் வானத்தை நம்பிய பூமி. மழை பெய்தால் கோதுமை, பெய்யாவிட்டால் பட்டாளம் என்பதே அங்குள்ள குடிகளின் கணக்கு. அவருடைய பெயருக்குக் கடவுள் கொடுத்தவன் என்று பொருள். நம் நாட்டில் தேவதத்தன் என்று பெயரிடுவது போல. அவர் சேர்ந்த பட்டாளம் 129-வது பலூச்சிப் பட்டாளம். பெயர்தான் பலூச்சி, உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம்களும் பட்டாணியர்களும். பம்பாய்ச் சேனையிலிருந்து கிளைத்த பட்டாளம் அது. சர்க்கார் ராணுவத்தில் பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற நியதி கிடையாது.

1914 ஆகஸ்டில் ஐரோப்பிய யுத்தம் மூண்டது. இந்தியாவைக் கேட்காமலே இந்தியாவும் யுத்தத்தில் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளப்பட்டது. லாகூர் டிவிஷன் கப்பலேறிற்று. செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதும், நம் நகரத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்களுக்கு ஓடியதும், எம்டன் என்பது தமிழில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டதும் நேயர்கள் அறிந்தவை. அதற்கு நான்காவது நாள், 26-ந் தேதி, முதல் இந்தியத் துருப்புகள் பிரான்ஸ் தேசத்து மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் இறங்கின. இந்தியாவின் கரையைக் காப்பதற்கில்லாத சேனை பிரான்ஸின் கரையில் போய் இறங்கிற்று என்று அக்காலத்தில் யாராவது எழுதியிருந்தால், அவர்மீது ராஜத்துவேஷ வழக்கு வந்திருக்கும். இன்று எழுதலாம்.

இறங்கியவர்கள் உடுத்தியிருந்தது வெப்ப தேசத்துக்கு ஏற்ற மெல்லிய காக்கி. கையிலிருந்த துப்பாக்கிகள் பழைய மாதிரி. அவற்றுக்கும் பிரான்ஸில் வழங்கிய புதுத் தோட்டாவுக்கும் பொருத்தமில்லாமையால், மார்ஸேல்ஸிலேயே அவற்றைக் கொடுத்துவிட்டுப் புதியன வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அறியாத ஆயுதம், அறியாத குளிர், அறியாத பகைவன். இவற்றைப் பழகிக்கொள்ளக் கிடைத்த அவகாசம் ஒரு மாதத்திற்கும் குறைவு.

அந்த அவசரத்திற்குக் காரணம் இருந்தது. மார்ன் நதிக்கரையில் தடுக்கப்பட்ட ஜெர்மானியர், வடக்கே திரும்பி, கடற்கரைத் துறைமுகங்களைப் பிடிக்க முயன்றனர். கலே, பூலோன் முதலிய துறைமுகங்கள் போய்விட்டால் இங்கிலாந்திலிருந்து வரும் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் வழி அடைபட்டுவிடும். அவற்றிற்கு முன்னால் நின்ற ஊர் ஈப்ரே. அதைச் சுற்றிலும் அக்டோபர் 19-ந் தேதி தொடங்கிய பெரும் போர் நவம்பர் 22-ந் தேதி வரையில் நீடித்தது. பிரிட்டிஷாரிடம் பின்வரிசையில் நிறுத்துவதற்கு ஆள் இல்லை. ஈப்ரேக்குத் தெற்கே குதிரைப்படையினர் குதிரைகளை விட்டிறங்கி, மெல்லிய நூல் போன்ற ஒரு வரிசையில் தரையிலிருந்து போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த நூல் அறுந்துபோகும் நிலை வந்தபோது, அப்பொழுதுதான் வந்து சேர்ந்த பிரோஸ்பூர் பிரிகேடைப் பிரித்து, 57-வது ரைபிள் பட்டாளத்தையும் 129-வது பலூச்சிகளையும் மோட்டார் பஸ்களில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். லண்டன் வீதிகளில் உத்தியோகஸ்தர்களைக் கச்சேரிக்கு ஏற்றிச் சென்ற பஸ்கள் அவை.

ஒரு பிரிகேடை ஒன்றாகப் போர்முனைக்குக் கொண்டு செல்வது யுத்த சாஸ்திரம். துண்டு துண்டாகப் பிய்த்து, இங்கொரு கம்பெனி அங்கொரு கம்பெனியாகப் பிறருடைய வரிசைகளில் ஒட்டுப் போடுவது ஆபத்தர்மம். இந்தியத் துருப்புகளுக்கு முதலில் கிடைத்தது ஆபத்தர்மமே. தாம் அறிந்த தளபதியின் கீழ் அல்லாமல், பாஷை தெரியாத அதிகாரிகளின் கீழ், ஆழமில்லாத, ஒன்றோடொன்று தொடர்பில்லாத குழிகளில் அவர்கள் போய் உட்கார்ந்தார்கள். முள்வேலி அநேகமாக இல்லை. பின்னாலிருந்து உதவும் பீரங்கிகள் சொற்பம். எதிரே ஜெர்மானியரின் பீரங்கிகளோ கணக்கில.

இந்த இடத்தில் யந்திரத் துப்பாக்கியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஹைரம் மாக்ஸிம் என்பவர் 1884-ல் அதைச் செய்து முடித்தார். ஒரு தோட்டா வெடிக்கும்போது ஏற்படும் பின்னுதைப்பையே பயன்படுத்தி, வெற்று ஓட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே இழுத்து, அதையும் வெடிக்கச் செய்வதே அதன் சூட்சுமம். விசையை அழுத்திக்கொண்டிருக்கும் வரையில் நிமிஷத்துக்கு ஐந்நூறு குண்டுகளுக்குக் குறையாமல் பொழியும். இதை ஐரோப்பியர் தங்களுக்குள் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பு பிறர்மீது நன்றாகச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். 1898-ல் ஸூடானில் ஓம்துர்மான் சண்டையில் ஒரு காலைப் பொழுதுக்குள் பதினாயிரம் பேருக்குக் குறையாமல் மாண்டனர். பிரிட்டிஷ்–எகிப்தியப் பக்கத்தில் இறந்தவர் ஐம்பது பேர் இருக்கலாம். 1904-ல் திபெத்தில் குரு என்னுமிடத்தில், தீத்திரித் துப்பாக்கியும் வாளும் வைத்திருந்த நூற்றுக்கணக்கான திபேத்தியர்கள் அதற்கு இரையானார்கள். அது நாகரிகத்தின் கருவி என்று போற்றப்பட்டது அப்பொழுது. 1914-ல் அதே கருவியை நாகரிகர்கள் இருவர் எதிரெதிராக வைத்துக்கொண்டபோது, அதன் உண்மையான குணம் என்ன என்பது அவர்களுக்கும் விளங்கலாயிற்று.

பீரங்கியை இந்தியன் கையில் கொடுப்பதில்லை என்பது 1857-க்குப் பிறகு ஏற்பட்ட ராஜதந்திரம். மலைப்பீரங்கிப் படைகள் சிலவற்றைத் தவிர, பீரங்கிகள் யாவும் வெள்ளையர் வசமே இருந்தன. ஆகவே ஒரு இந்தியக் காலாட்படைச் சிப்பாய் கையாளக்கூடிய ஆயுதங்களுள் மிகவும் வலியது இந்த யந்திரத் துப்பாக்கி. ஒரு பட்டாளத்துக்கு இரண்டே. எழுநூற்றுச் சொச்சம் பேருக்கு இரண்டு.

ஒரு துப்பாக்கிக்கு ஆறு பேர். ஒருவன் பின்னால் அமர்ந்து சுடுவான். இன்னொருவன் பக்கத்தில் படுத்து, 250 தோட்டாக்கள் செருகிய கித்தான் வாரை மடிப்பு விழாமல், கோணாமல் உள்ளே போகும்படி தாங்கிக்கொடுப்பான். மற்றவர்கள் தோட்டாப் பெட்டிகளைப் பின்னாலிருந்து சுமந்து வருவார்கள். காலியான வார்களில் மீண்டும் தோட்டாக்களைக் கையால் செருகுவார்கள். குழாயைச் சுற்றியுள்ள உறையில் தண்ணீர் ஊற்றுவார்கள். தொடர்ந்து சுட்டால் சில நிமிஷங்களில் அந்தத் தண்ணீர் உலைநீர் போலக் கொதிக்கும். ஆவி எழுந்து, துப்பாக்கி இருக்குமிடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் வற்றினால் குழாய் காய்ந்து கெட்டுப்போகும். வார் சிக்கினால் நின்றுவிடும். ஆறு பேரும் ஓர் உடம்பின் அங்கங்கள் போல வேலை செய்தால்தான் அது துப்பாக்கி. இல்லாவிட்டால் கனமான இரும்பு. எதிரியின் பீரங்கிக்காரர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

அக்டோபர் 30-ந் தேதியிலும் மறுநாளும் ஜெர்மானியர் தம் முழுப் பலத்தையும் திரட்டி ஈப்ரேக்குத் தெற்கிலும் கிழக்கிலும் தாக்கினார்கள். 31-ந் தேதி காலை கெலுவெல்ட் கிராமம் அவர்கள் வசமாயிற்று. வார்ஸ்டர்ஷயர்ப் பட்டாளத்தார் அதைத் திரும்பப் பிடித்த கதையை ஆங்கிலச் சரித்திர நூல்கள் மிகவும் விரிவாகக் கூறும். அதே தினம், சில மைல்களுக்குத் தெற்கே, ஹாலபெக்கில் 129-வது பட்டாளத்தின் வரிசையையும் ஜெர்மானியர் நசுக்கிக்கொண்டிருந்தார்கள். தொகையில் அவர்களோடு இவர்களுக்கு ஒப்பே இல்லை. குழிகள் சில அப்படியே புதைந்தன. சில இடங்களில் மீந்தவர்கள் சிறு கூட்டங்களாக நின்று போராடினார்கள். பட்டாளத்தின் இரண்டு யந்திரத் துப்பாக்கிகளும் தாக்குதல் வந்த வழியை நோக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை நடத்திய அதிகாரி காப்டன் டில்.

முதலில் ஒரு துப்பாக்கியின்மீது குண்டு விழுந்தது, அது தீர்ந்தது. காப்டன் டில் கடுங்காயமுற்று விழுந்தார். மீதியிருந்த ஒரு துப்பாக்கியும் ஆறு பேரும் நின்றனர். உத்தரவு கொடுக்க யாரும் இல்லை. பின்வாங்கு என்று சொல்லவும் யாரும் இல்லை.

இங்கேதான் கெஜட்டின் வாசகத்தை நிதானமாகப் படிக்கவேண்டும். இந்தியச் சிப்பாய் வெள்ளைக்கார அதிகாரி முன்னின்று நடத்தினால் புலி. அதிகாரி வீழ்ந்தாலோ ஆடு என்பது அக்காலத்து ராணுவ வேதம். ஒவ்வொரு இந்தியப் பட்டாளத்துக்கும் பன்னிரண்டு பதின்மூன்று பிரிட்டிஷ் அதிகாரிகளை வைத்ததும், எத்தனை வருஷம் உழைத்த சுபேதாராயினும் நேற்று வந்த ஆங்கில இளைஞனுக்குக் கீழாகவே அவரை நிறுத்தியதும், இந்தியருக்கு மன்னர் கமிஷன் கொடுக்க மறுத்துவந்ததும் இந்த வேதத்தின் பேரில்தான். அதிகாரி வீழ்ந்தார் என்பதைக் கெஜட் முதலில் சொல்லுகிறது. அதன் பிறகு நடந்ததைத்தான் விருதுக்குக் காரணமாகக் கூறுகிறது. விருதே, அதிகாரி இல்லாத நேரத்திற்கு அளிக்கப்பட்ட விருது. இதைக் காட்டிலும் தெளிவான வாக்குமூலத்தை எந்த நியாயஸ்தலத்தில் எதிர்பார்க்க முடியும்? இருந்தும் 1917 வரையில் ஒரு இந்தியருக்குக்கூட அந்த ராணுவத்தில் முறையான மன்னர் கமிஷன் கிடைக்கவில்லை. அவ்வருஷம் ஆகஸ்டில் கிடைத்ததும் ஒன்பது பேருக்கே.

ஆறு பேரில் ஒருவர் விழுந்தார். அவர் செய்துவந்த வேலையை மற்றவர் எடுத்துக்கொண்டார். பிறகு இன்னொருவர். சுடுகிறவன், வார் பிடிக்கிறவன், பெட்டி சுமக்கிறவன், தண்ணீர் ஊற்றுகிறவன் என்று பிரித்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கடைசியில் எல்லாம் ஒருவர் தலையில் வந்து நின்றன. அந்த ஒருவரும் காயப்பட்டவர். ஆறு பேர் வேலையை ஒருவர் எவ்வளவு நேரம் செய்ய முடியும் என்பதை, மேலே கூறிய விவரங்களைப் படித்த நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். எதிரிகள் குழிக்குள் வந்துவிட்டார்கள். குதாதாத் கானும் இறந்துவிட்டார் என்று எண்ணிப் பிணங்களோடு பிணமாக விட்டுவிட்டு மேலே சென்றார்கள். இருட்டிய பிறகு அவர் தவழ்ந்து சென்று தம் பட்டாளத்தாரிடம் சேர்ந்தார். பதினொரு நாட்களுக்கு முன்புதான் அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பியிருந்தது.

இந்த ஒரு துப்பாக்கியால்தான் ஈப்ரே தப்பியது, துறைமுகங்கள் தப்பின என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஹாலபெக் விழுந்துவிட்டது என்பதுதான் உண்மை. மெஸீன் மேடும் உடனே விழுந்தது. அன்று அந்த முனையில் பல இடங்களில் பல பேர் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று காலத்தை விலைக்கு வாங்கினார்கள். அந்த நேரங்களைக் கூட்டிப் பார்த்தால், பின்னாலிருந்து பிரெஞ்சுத் துருப்புகளும் மற்றவர்களும் வந்து சேர்வதற்குப் போதுமானதாக இருந்தது. அந்தக் கூட்டலில் குதாதாத் கானுடைய தொகை ஒன்று. அது சிறிய தொகை அல்ல.

உடன் மாண்ட ஐவருடைய பெயர்களைச் சொல்லாமல் மேலே செல்வது தகாது. ஹவில்தார் குலாம் முகம்மது. சிப்பாய்கள் லால் ஷேர், ஸையத் அகம்மது, காஸிப், லாபர் கான். விக்டோரியா கிராஸ் பிழைத்தவருக்கு வந்தது. துப்பாக்கிக் குழுவை நடத்திய ஹவில்தாருக்கு மாண்டபின் 'ஆர்டர் ஆப் மெரிட்' விருது வழங்கப்பட்டது. காயமுற்ற காப்டனுக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. ஒரே குழியில் நடந்த ஒரே காரியத்துக்கு இத்தனை தராசுகள்.

முதல் விக்டோரியா கிராஸ் பெற்ற இந்தியர் யார் என்று ஒரு விவாதம் உண்டு. 39-வது கார்வால் ரைபிள் பட்டாளத்து நாயக் தர்வான் ஸிங் நேகி, நவம்பர் 23, 24-ந் தேதிகளின் இரவில் பெஸ்துபேர் அருகே தலையிலும் கையிலும் காயங்களோடு அகழிக்குள் முதல்வராகப் பாய்ந்து பகைவரை விரட்டினார். அவருக்கு மன்னர் டிசம்பர் 5-ந் தேதி பிரான்ஸிலேயே நேரில் பதக்கத்தைச் சூட்டினார். குதாதாத் கான் அப்பொழுது படுக்கையில் கிடந்தார். 1915 ஜனவரியில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில்தான் மன்னர் கையால் பதக்கம் பெற்றார். கெஜட்டில் இருவர் பெயரும் ஒரே தினத்தில் வந்தன. செயலால் மூத்தவர் குதாதாத்; சூட்டியதால் மூத்தவர் நேகி. ஒருவர் பஞ்சாபி முஸ்லிம், மற்றவர் இமயமலை ஹிந்து. இந்த விவாதத்தில் பக்கம் சேருவதற்கு நமக்கு அவசியம் எதுவும் புலப்படவில்லை.

அதே நாட்களில் ஒரு முதியவர் பிரான்ஸுக்கு வந்தார். ராபர்ட்ஸ் பிரபு, வயது எண்பத்திரண்டு. இந்தியத் துருப்புகளைப் பார்த்து உற்சாகப்படுத்த வந்தவர், குளிரில் நிமோனியா கண்டு நவம்பர் 14-ந் தேதி ஸாந்தோமேர் நகரில் காலமானார். இந்த ராபர்ட்ஸ் பிரபுவைத் தமிழர்கள் மறக்கக்கூடாது. 1881 முதல் 1885 வரையில் சென்னைச் சேனைக்குத் தளபதியாயிருந்து, சென்னைச் சிப்பாய்க்கு யுத்தகுணம் போய்விட்டது என்று தீர்ப்புக் கூறியவர் அவரே. வடக்கத்தியர் வீரஜாதி, தென்னாட்டார் அல்லர் என்ற கொள்கைக்கு அவரைவிடப் பெரிய ஆதரவாளர் எவரும் இல்லை. அதன் பயனாகச் சென்னைப் பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. அல்லது பெயரும் ஆளும் மாற்றப்பட்டன. 89-வது பஞ்சாபிப் பட்டாளம் என்று யுத்தகாலத்தில் பெயர் பெற்ற பட்டாளம், 1798-ல் மசூலிப்பட்டணத்தில் சென்னைச் சேனையைச் சேர்ந்ததாகத் திரட்டப்பட்டது என்றால் நேயர்கள் நம்புவார்களோ என்னவோ.

அந்த 89-வது பட்டாளத்தைக் குறிப்பிட்டதற்கு வேறு காரணமும் உண்டு. இன்னொரு யந்திரத் துப்பாக்கி வீரர் அதில் இருந்தார். நாயக் ஷாஹமத் கான். 1916 ஏப்ரல் 12, 13-ந் தேதிகளில் மெஸபொடேமியாவில் பேத் அயேஸா அருகே, புதிதாகப் பிடித்த வரிசையில் ஓர் இடைவெளி ஏற்பட்டது. எதிரி 150 கெஜத்துக்குள் இருந்தான். ஷாஹமத் கான் அந்த இடைவெளிக்கு முன்னால் மூன்று மணி நேரம் தம் துப்பாக்கியை வைத்துக் காத்தார். மூன்று எதிர்த்தாக்குதல்களை முறியடித்தார். வார்களில் தோட்டா செருகும் இருவரைத் தவிர மற்றவர் யாவரும் விழுந்தனர். துப்பாக்கி உடைந்தபின் மூவரும் ரைபிள்களைக் கொண்டே, திரும்பி வா என்று உத்தரவு வரும்வரை இடத்தை விடவில்லை. பிறகு உடைந்த துப்பாக்கியையும் தோட்டாக்களையும், நடக்க முடியாத ஒரு காயக்காரரையும் கொண்டுவந்து சேர்த்தார். அதோடு நில்லாமல் மறுபடியும் போய், அங்கே எஞ்சிக்கிடந்த ஆயுதங்களையும் தளவாடங்களையும் எடுத்து வந்தார். இரண்டு மண்வெட்டிகள் மாத்திரம் விட்டுப்போயின என்று கெஜட் கணக்குச் சொல்லுகிறது. சர்க்காரின் கணக்கு அவ்வளவு துல்லியமானது.

நம்மில் சிலர் இந்த வீரக் கதைகளைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. அந்நியனுடைய யுத்தத்தில், அந்நியனுடைய சம்பளத்திற்குப் போராடியவர்களை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சிப்பாய்களில் எல்லாரும் வாய்பேசாமல் போனவர்களும் அல்லர். 129-க்குச் சகோதரப் பட்டாளமான 130-வது பலூச்சிகள் 1915 ஜனவரியில் இரங்கூனில் கப்பலேற மறுத்துத் தண்டனை அடைந்தார்கள். அன்றியும், 1914-ல் லண்டனில் காயக்காரர்களுக்குப் பணிசெய்ய இந்தியத் தொண்டர் படை திரட்டியவரும், 1918-ல் கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்து பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தவரும் காந்தியடிகளே. இடருற்ற காலத்தில் உதவினால், இடர் நீங்கியபின் சுயராஜ்யம் தருவார்கள் என்று நம்பியவர்கள் அன்று தேசத்தில் அநேகர். பெரிய வழக்கறிஞர்களும் தலைவர்களும் நம்பிய ஒன்றை, டப் கிராமத்து இளைஞர் நம்பியிருந்தால் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்தச் சட்டம்?

இந்தியா கொடுத்தது கொஞ்சமன்று. கடல் கடந்து சென்றவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். திரும்பாதவர்கள் எழுபதினாயிரத்துக்கு மேல். 1917-ல் ஏழை இந்தியாவின் பெயரால் பத்துக்கோடி பவுன் யுத்த நன்கொடையும் எழுதப்பட்டது. ஆட்களை அதிகமாகக் கொடுத்த மாகாணம் பஞ்சாப். கடைசி வருஷங்களில் அங்கே ஆள் சேர்த்த விதம், மனமொப்பிச் சேர்ந்தது என்று சொல்லத் தக்கதாக இல்லை. காந்தியடிகள், சித்தரஞ்சன் தாஸ், அப்பாஸ் தயாப்ஜி, ஜயகர் ஆகியோர் அடங்கிய காங்கிரஸ் விசாரணைக் கமிட்டியார் அதை விவரமாக வெளியிட்டார்கள்.

யுத்தம் 1918 நவம்பரில் முடிந்தது. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. ஏப்ரல் 13-ந் தேதி, ஆளை அள்ளிக்கொடுத்த அதே பஞ்சாபில், அமிர்தசரஸ் நகரத்து ஜாலியன்வாலா பாக் என்னும் மதில் சூழ்ந்த வெளியில், ஜெனரல் டயர் ஐம்பது துப்பாக்கிகளைக் கொண்டு பத்து நிமிஷ நேரம் 1,650 குண்டுகளைச் சுடச்செய்தார். சர்க்கார் ஒப்புக்கொண்ட சாவு 379. டயர் அன்று அழைத்துச் சென்றது அந்த ஐம்பது பேரை மட்டுமல்ல. யந்திரத் துப்பாக்கிகள் பொருத்திய இரண்டு கவச மோட்டார்களும் உடன் சென்றன. சந்து குறுகலாயிருந்தபடியால் அவை உள்ளே நுழைய முடியாமல் வெளியில் நின்றன. பின்னர் ஹண்டர் கமிட்டியில் அங்கத்தினராயிருந்த பம்பாய் வக்கீல் சிமன்லால் ஸெடல்வாட் அவரைக் கேட்டார்: வழி அகலமாயிருந்து மோட்டார்கள் உள்ளே போயிருந்தால், யந்திரத் துப்பாக்கிகளைப் பிரயோகித்திருப்பீர்களா என்று. அநேகமாகப் பிரயோகித்திருப்பேன் என்று டயர் பதில் சொன்னார்.

ஒரு கேள்வி, ஒரு பதில். குறுக்கு விசாரணை என்னும் கலையில் இதற்கு நிகரான கேள்வியை நாம் அதிகம் கண்டதில்லை. ஹாலபெக்கில் ஒரு பஞ்சாபி, பிரிட்டிஷ் வரிசையைக் காப்பதற்காக எந்த ஆயுதத்தின் பின்னால் அமர்ந்து தன்னந்தனியாகப் போராடினாரோ, அதே ஆயுதம் நாலரை வருஷத்துக்குள் பஞ்சாபிகளைச் சுடுவதற்காக ஒரு சந்தின் வாயில் வந்து நின்றது. அது உள்ளே போகாததற்குக் காரணம் கருணையன்று, சந்தின் அகலம்.

இந்தச் செய்தி குதாதாத் கானுடைய காதில் எப்படி விழுந்தது, அவர் என்ன நினைத்தார் என்பதற்குத் தஸ்தாவேஜு இல்லை. அவர் பேச்சாளருமல்லர், எழுத்தாளருமல்லர். பட்டாளத்தில் தொடர்ந்து உழைத்து, சுபேதாராக உயர்ந்து ஓய்வு பெற்றார். அவருடைய பதவிக்கு அதற்குமேல் சுபேதார் மேஜர் என்னும் படி ஒன்றுதான் இருந்தது. மார்பில் விக்டோரியா கிராஸ் அணிந்த அவர், அதை அணியாத இருபது வயது ஆங்கில லெப்டினெண்டுக்குக் கீழேயே சேவகம் செய்ய வேண்டியிருந்தது.

1947-ல் தேசம் இரண்டாயிற்று. பட்டாளங்களையும் பங்கு போட்டார்கள்; பலூச்சிப் பட்டாளம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. குதாதாத் கானுடைய ஊரும் அந்தப் பக்கமே நின்றது. ராவல்பிண்டியிலுள்ள ராணுவக் காட்சிச்சாலையில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். லண்டனில் ஹைட் பார்க் முனையருகே 2002-ல் திறக்கப்பட்ட நினைவு வாயிலில் அவர் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. யுத்தத்தின் நூற்றாண்டையொட்டிப் பிரிட்டிஷ் சர்க்கார், தங்கள் எல்லைக்கு வெளியே பிறந்து விக்டோரியா கிராஸ் பெற்றவர்களின் தாய்நாடுகளுக்குப் பெயர் பொறித்த பட்டயங்களை அளித்தபோது, பாகிஸ்தானுக்குச் சென்ற பட்டயத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. குதாதாத் கானும், இரண்டு மண்வெட்டிகளை விட்டுவந்த ஷாஹமத் கானும் அவற்றுள் இருவர். மூன்றாமவர், 1915 ஏப்ரலில் ஈப்ரேயில் விஷப்புகைக்கு நடுவே நின்று தம் படைப்பிரிவைக் காத்த ஜமேதார் மீர் தஸ்த்.

குதாதாத் கான் தம் கடைசி வருஷங்களை மண்டி பஹாவுத்தீன் அருகே ருகான் என்னும் கிராமத்தில் கழித்தார். 1971-ம் வருஷம் மார்ச் மாதம் 8-ந் தேதி, எண்பத்திரண்டாவது வயதில், அங்கே காலமானார். அந்தக் கிராமத்துக் கபர்ஸ்தானில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். லால் ஷேரும் ஸையத் அகம்மதும் காஸிபும் லாபர் கானும், ஹவில்தார் குலாம் முகம்மதும் ஹாலபெக்கிலேயே தங்கிவிட்டார்கள்.